வேலி ஓரத்தில் ஒரு வண்டி அகலம்

பதினேழு ஆண்டுகள், நான்கு நாடுகள், மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டங்கள். ஞாயிறு போலந்தில் எங்கள் ஊர்க் கிளப்புக்கு, செவ்வாய் சுவீடனில், புதன் டென்மார்க்கில், வியாழன் இங்கிலாந்தில் என்று பந்தய மோட்டார் சைக்கிள் ஓட்டியே ஒல்கியெர்டுக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது. அதில் இரண்டு ஓட்டங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதலாவது, 2006 ஜூனில். பிரேக் இல்லாத வண்டிகள், நான்கு பேர், நான்கு சுற்று. இருவர் ஒரே கிளப் என்றால், முந்துகிறவர் திரும்பிப் பார்த்து வேலிப் பக்கம் ஒரு வண்டி அகலத்தைக் கூட்டாளிக்கு விட்டுவைப்பார். அது போலந்தில் எல்லோருக்கும் தெரிந்த மரியாதை. அன்று ஒல்கியெர்ட் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவில் வேலிப் பக்கமாக அகன்று அந்த இடத்தை அடைத்தார். பின்னால் வந்த கூட்டாளி காஜிக் வேலியில் மோதி, மூன்றாம் நாள் இறந்தார்.

நடுவர் விபத்து என்றே எழுதினார். யாரும் பழி சொல்லவில்லை. அதன்பிறகு ஒல்கியெர்ட் ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தார்; இடம் விட்டார். கூட ஓட்டியவர்கள் கொண்டாடினார்கள்.

இரண்டாவது, இன்று, ஞாயிறு மாலை. ஜெயித்தால் உலகத் தொடரில் இடம். இந்த வயதில் இன்னொரு வாய்ப்புக் கிடையாது. மெக்கானிக் ஜெனோன் சக்கரத்து மண்ணைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். காஜிக்கின் வண்டியையும் அந்நாளில் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

“நாலு பேரும் நாலு நாட்டுக்காரங்க. இன்னைக்கு உனக்குக் கூட்டாளி கெடையாது. வேலியை அடைச்சிட்டுப் போடா.”

“தெரியும்ணே.”

“போன வருஷமும் இதையேதான் சொன்ன. அந்த எடத்தை என்ன வாடகைக்கா விட்டிருக்க?”

மூன்று சுற்றும் ஒல்கியெர்டே முன்னால். சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. கடைசி வளைவில் அவர் திரும்பிப் பார்த்தார். வேலி ஓரம் ஒரு வண்டி அகலம் திறந்தது. டென்மார்க்காரர் அதில் புகுந்து ஜெயித்தார்.

உள்ளூர்ப் பத்திரிகைக்காகக் குறிப்பேட்டோடு நான் போனபோது, வளைவில் தரையில் ஊன்றிச் சறுக்க இடது பூட்ஸில் மாட்டும் இரும்பு அடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஜெனோனைப் பார்த்தே பதில் சொன்னார்.

“பின்னால சத்தம் கேட்டுச்சுண்ணே. காஜிக் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா?”

“அவன் டென்மார்க்காரன்டா” என்றார் ஜெனோன். பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்து வண்டியைக் கழுவத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை சுவீடனில் கிளப் போட்டி. அங்கே ஒல்கியெர்டுக்குக் கூட்டாளி உண்டு. திங்கள் மதியக் கப்பலில் அவருடைய வேன் ஏறுகிறது.