நாற்பத்தெட்டு மணி நேரம்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த நிறுவனத்தில் அவளைப் 'பச்சையக்கா' என்பார்கள். பத்தொன்பது ஆண்டு வேலை. முதல் பதினைந்து ஆண்டு ஃபைலைச் சுமந்துகொண்டு மேசை மேசையாக அலைந்தாள். பிறகு கம்ப்யூட்டரில் வேலைத் தொடர் வந்தது. பழுது என்று தகவல் வந்தால் அவள் 'தொடங்கு' என்பதை அழுத்துவாள். மெக்கானிக் முடித்ததும் சோதனையாளர் கைப்பேசிக்கு வேலை தானாகப் போகும். அவர் சரி என்றால் 'லிஃப்டை ஓட்டலாம்' என்று கட்டடத்துக்குக் கடிதமும் தானாகப் போகும். முடிந்தது பச்சை, நிற்பது சிவப்பு. "பச்சை வந்துச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பதில் வராவிட்டால் சரி என்றே எடுத்துக்கொண்டு தொடர் நகர வேண்டும் என்பது அவளே எழுதிய விதி. "மௌனம் சம்மதம்னு சும்மாவா சொன்னாங்க!" என்று மேலாளர் மெச்சினார். சோம்பேறிகளுக்காக எழுதிய விதி அது. சோதனையாளருக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. 'திருகாணி' என்று பெயரெடுத்த மனிதர். ஒவ்வொரு திருகாணியையும் தொட்டுப் பார்த்தாலும் அன்றைக்கே பதில் சொல்லிவிடுவார்.

அந்தத் திருகாணி ஒன்பதாம் தேதி மாரடைப்பில் போய்விட்டார்.

"கிளை ஆபீஸ்லேருந்து ஒருத்தர் வருவாரு. பேரை மாத்திடும்மா" என்றார் மேலாளர்.

பெயர் இருந்த பக்கத்தை இரண்டு முறை திறந்தாள். 'நீக்கவா?' என்று திரை கேட்டது. இரண்டு முறையும் மூடிவிட்டாள். இருக்கட்டும், வேலை வந்தால் சிவப்பாக நிற்கத்தானே போகிறது என்று நினைத்தாள். தன் விதி அவள் நினைவுக்கு வரவில்லை.

இருபத்திரண்டாம் தேதி காலை பத்து நாற்பதுக்கு மாதப் பட்டியலைத் திறந்தாள். சிவப்பைத் தேடிப் பழகிய கண் அன்றுதான் பச்சையைப் படித்தது. ஒன்பதாம் தேதிக்குப் பிறகு திருகாணியின் பெயருக்கு எதிரே மூன்று பச்சை.

"சார், மூணு லிஃப்டை உடனே நிறுத்தணும்."

"நல்லா ஓடுறதை எதுக்கும்மா?"

"செத்தவர் ஒப்புதல்ல ஓடுது சார்."

மேலாளர் எழுந்து கதவைச் சாத்தினார். "சத்தமில்லாம ஆளை அனுப்பிப் பார்த்துடலாம். வெளிய தெரிஞ்சா உன் வேலைக்கே உலை."

"ஆள் போய்ச் சேர்றதுக்குள்ள யாராவது ஏறிடுவாங்களே சார்."

அவர் முன்னாலேயே மூன்று கட்டடத்துக் காவலாளிகளையும் தொலைபேசியில் அழைத்தாள். மூன்றாமவர் எகிறினார். "அஞ்சாவது மாடி ஐயா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி உக்காந்திருக்காரு. அவரால நடக்க முடியாது. நீயா வந்து தூக்குவே?"

"நாற்காலியோட தூக்கி இறக்குங்கண்ணே. கோவத்தை நான் வந்ததும் என்மேல காட்டுங்க."

கிளைச் சோதனையாளரை அழைத்துக்கொண்டு அவளும் போனாள். இரண்டு லிஃப்டில் குறையில்லை. மூன்றாவதில் மெக்கானிக் மாட்டிய பிரேக் கட்டை ஒரு பக்கம் மட்டுமே பிடித்திருந்தது. அந்தப் பக்கமும் ஏறக்குறையத் தேய்ந்துபோயிருந்தது.

"இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?"

"நாள் கணக்கா கேக்குறீங்க, அக்கா?" என்றபடி அவர் கட்டையைக் கழற்றினார். காவலாளி அவள் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மாலை நான்கு இருபதுக்கு அவள் திருகாணியின் பெயரை நீக்கினாள். பதில் வராத எதுவும் இனி நகரக்கூடாது என்று விதியை மாற்றினாள். பிறகு 'தவறு விசாரணை' என்ற தொடரைத் திறந்தாள். தவறு செய்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதி, முடிவு செய்பவர் கட்டத்தில் மேலாளர் பெயரைப் போட்டு, 'தொடங்கு' என்பதை அழுத்தினாள்.

மேலாளர் பதில் போடவில்லை. இரண்டு நாள் அது சிவப்பாகவே நின்றது. மூன்றாம் நாள் அவளை அறைக்கு அழைத்தார்.

"இது தானா போயிடாதாம்மா?"

"போகாது சார். நீங்கதான் சொல்லணும்."