சவரியின் பெயரில் ஒரு கோடு

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் நான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். என் தொழில் அப்படி, எதையும் அளந்து பார்த்தால்தான் நம்புவேன். நீங்களும் சிரித்துவிட்டுப் போங்கள், பரவாயில்லை, ஆனால் நான் அளந்ததைத்தான் சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை மாடியில் ஐந்து பேர் சேர்ந்து கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருந்தோம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கேம் திடீரென ஒரு கணம் திக்கி நிற்கும். யார் எழுதிய பகுதி அதை இழுத்துப் பிடிக்கிறது என்று பார்க்க புரொஃபைலர் என்றொரு கருவி உண்டு. ஒவ்வொரு பகுதியும் எடுத்துக்கொண்ட நேரத்தை அது கோடாகப் போட்டுக் காட்டும். அவரவர் கோட்டுக்கு அவரவர் பெயரையே வைத்திருந்தோம். யார் கோடு நீளமோ அவர் கீழே மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போய் எல்லோருக்கும் தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீர், வாங்கி வர வேண்டும், அதுதான் எங்கள் சட்டம்.

சவரி கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவன். மூன்று வாரமாக அவன் கோடுதான் நீளம், அவன்தான் தே வாங்கினான். ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு என் மேசைக்கு வந்தான்.

"அண்ணே, என் கோடு நீளம்தான். ஆனா அது வேலை செய்யல, எதுக்கோ வெயிட் பண்ணுதுன்னு நினைக்கிறேன். வெயிட்டிங்கையும் ஆன் பண்ணி ஒரு தடவை பாருங்க லா."

காத்திருக்கும் நேரத்தைத் தனியாகப் பதிவு செய்யும் வசதி அந்தக் கருவியில் உண்டு. அதைப் போட்டால் எல்லாம் மெதுவாகிவிடும், எனக்குப் பொறுமை இல்லை. "கோடு பொய் சொல்லுமா? போய் தே வாங்கிட்டு வா," என்றேன். சிரித்துக்கொண்டேதான் போனான். அன்று மாலையே, சவரியின் பகுதிதான் கோளாறு என்று முதலாளிக்கு எழுதியும் விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பில் போய்விட்டான். முப்பத்து நான்கு வயது. கிள்ளானில் அடக்கத்தின்போது அவன் மனைவி ரீத்தா என்னிடம் கேட்டார், "அண்ணே, அவராலதான் கேம் நிக்குதாமே? அதே கவலையாவே இருந்தாரு." நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு சவரியின் பகுதியை முழுக்க அழித்துவிட்டு நானே புதிதாக எழுதினேன். கேம் அப்போதும் திக்கியது.

ஒரு பிற்பகல், வெளியே நல்ல மழை, மறுபடியும் புரொஃபைலரில் பதிவு எடுத்தேன். நீளமாக ஒரு கோடு, அதன்மேல் சவரியின் பெயர். நம்பினால் நம்புங்கள், கேமின் நிரல் முழுக்கத் தேடினேன், அந்தப் பெயர் எங்குமே இல்லை. பக்கத்து மேசை மீனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் பார்த்தாள். கோட்டைச் சொடுக்கினால், இது வேலை செய்யவில்லை, காத்திருக்கிறது என்று விவரம் வந்தது. எதற்காக என்று காட்ட ஓர் அம்புக்குறி, அது போய் நின்ற இடம் ஆரம்பத்திலிருந்தே என் பெயரில் இருந்த என் பகுதி. ஒரே கழிவறை உள்ள வீட்டில் உள்ளே தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான், வெளியே நின்றவனைப் போய்த் திட்டியிருக்கிறேன். காத்திருப்பைப் பதிவு செய்யும் வசதியைப் பார்த்தேன். அதை நான் போடவே இல்லை.

என் பகுதியைத் திருத்தியதும் கேம் தடங்கலில்லாமல் ஓடியது, அந்தக் கோடும் பிறகு வரவில்லை. முதலாளிக்கு உண்மையை எழுதினேன். கீழே போய் நானே தே வாங்கி வந்தேன். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக வலித்தது.

சனிக்கிழமை கிள்ளானுக்கு ரயிலேறிப் போய், "தப்பு என்னோடதும்மா, சவரி சரியாத்தான் சொன்னான்," என்று ரீத்தாவிடம் சொன்னேன். நெடுநேரம் அழுதார், பிறகு எழுந்து போய் எனக்குத் தே கலக்கிக் கொண்டுவந்தார்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அன்று நான் பதிவு எடுத்தது பத்தே வினாடி. அந்தக் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. சவரியின் கோடு எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று அதில் ஓர் எண் இருக்கிறது, மில்லி வினாடிக் கணக்கில் மிக நீளமான எண். மீனாவும் நானும் தனித்தனியாக அதை நாளாக மாற்றிப் பார்த்தோம். நாற்பத்திரண்டு நாள். பதிவு எடுத்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால், ஒரு தடவை பாருங்கள் என்று அவன் என் மேசைக்கு வந்து கேட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்குப் போய் நிற்கிறது.