உச்சத்தில் மங்கிய சூரியன்

சூரிய ஆய்வு நிலையத்தில் அவரை எல்லோரும் புள்ளியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் ஒரு வாரம் மேடம் என்பார்கள், பிறகு அவர்களும் புள்ளியம்மாவுக்கு மாறிவிடுவார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. நாள் தவறாமல் சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளை வரைந்து எண்ணுகிற ஒருத்திக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? வீட்டில் அவருடைய கணவர், தண்ணீர் வாரியத்தில் பம்ப் இயக்குகிறவர், யாராவது வந்து மனைவி என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால், "ஊர்ல பெரும்புள்ளிங்களுக்குப் பஞ்சமில்ல. ஆனா பெரும்புள்ளி எல்லாரையும் கணக்குல வெச்சிருக்கறது எங்க வீட்டம்மா மட்டும்தான்" என்பார். வருஷக்கணக்காக அதே நகைச்சுவை. வந்தவர்கள் சிரிக்கும்வரை விடமாட்டார்.

முன்பு அவர் நிலவரைபட அலுவலகத்தில் கோடு போடுகிற வேலையில் இருந்தார். கணினி வந்ததும் அந்தப் பிரிவை மூடி, கை நடுங்காத யாராவது ஒருவர் வேண்டும் என்று கேட்டிருந்த ஆய்வு நிலையத்துக்கு அவரை அனுப்பிவைத்தார்கள். வானியல் பற்றி அவருக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. மாடிக் கூடத்தில் இருந்த தொலைநோக்கி சூரியனின் பிம்பத்தை ஒரு பலகைமேல் விழவைக்கும். பலகையில் வட்டம் போட்ட வெள்ளைத்தாளைச் செருகி, பிம்பத்தை வட்டத்துக்குள் சரியாக உட்காரவைத்து, தெரிகிற புள்ளிகளைப் பென்சிலால் அப்படியே வரைய வேண்டும். செயற்கைக்கோள்கள் படம் எடுத்துத் தள்ளுகிற காலத்திலும் இந்தக் கைவேலை நடப்பதற்குக் காரணம் உண்டு. பல தலைமுறைகளாக மனிதர்கள் கண்ணால் பார்த்து எண்ணிய கணக்கு அது. இன்றைய சூரியனை அன்றைய சூரியனோடு ஒப்பிட வேண்டுமென்றால் அதே வழியில்தான் எண்ண வேண்டும்.

அவர் வந்த நேரம் சூரியன் உறங்கிக்கொண்டிருந்த நேரம். ஏறக்குறைய பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை புள்ளிகள் பெருகும், பிறகு குறையும். அவருக்கு வாய்த்தது குறைந்த காலம். மேகமில்லாத நாளாகப் பார்த்து மாடியேறினால் பளிங்குத் தட்டுபோல ஒரு வெறும் வட்டம். ஓரத்தில் தேதியை எழுதிவிட்டு இறங்கிவருவார். "என்னம்மா, பென்சிலுக்கு ஓய்வூதியம் குடுத்துட்டீங்களா?" என்று கீழே கேலி பேசுவார்கள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. உச்சம் வரும்போது தாளில் இடம் போதாது என்று மூத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட வேண்டும் என்று மனதுக்குள் ஓர் ஆசை முளைத்திருந்தது.

வந்தது. முதலில் ஓரங்களில் ஒன்றிரண்டு, பிறகு கூட்டம் கூட்டமாக. நடுவில் மைபோல் கறுத்து, சுற்றிலும் சாம்பல் நிற விளிம்பு கட்டிய பெரிய புள்ளிகள். அவற்றைச் சுற்றிக் கடுகு சிதறியதுபோலப் பொடிப்புள்ளிகள். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்து முடிப்பதற்குள் முதுகு கழன்றுவிடும். புள்ளியம்மாவுக்கோ கால் தரையில் பாவவில்லை. பிள்ளை பெற்ற வீடுபோல அந்த மாடிக்கூடம் கலகலப்பாகிவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

அப்படியே ஏறிக்கொண்டு போன எண்ணிக்கை திடீரென்று இறங்க ஆரம்பித்தது. பெரிய கூட்டங்கள் இருந்தன, பொடிகளைக் காணோம். விளிம்புகள் தண்ணீர்பட்ட மைபோலக் கலங்கித் தெரிந்தன. உச்சம் தாண்டிவிட்டது என்று அவர் முடிவுகட்டினார். தேநீர் வேளையில் அதை எல்லோரிடமும் சொல்லவும் சொன்னார். கீழ்த்தளத்தில் எச்சரிக்கை மேசையில் உட்காருகிற இளைஞர், சூரிய வெடிப்புகளைத் திரையில் கண்காணித்து விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் தகவல் அனுப்புகிறவர், கோப்பையைக் கீழே வைத்தார்.

"தாண்டிருச்சா? என்னங்க சொல்றீங்க? எனக்கு அங்க உக்கார நேரமில்ல. நாளுக்கு நாள் வெடிச்சுத் தள்ளுது. மத்த நிலையமெல்லாம் எண்ணிக்கை ஏறுதுன்னுதானே அனுப்பறாங்க?"

புள்ளியம்மாவுக்குச் சுருக்கென்றது. மற்ற நிலையங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார். உலகத்தில் எல்லோருடைய சூரியனும் கொதித்துக்கொண்டிருந்தது. இவருடைய சூரியன் மட்டும் அடங்கிக்கொண்டே வந்தது.

பழி முதலில் லென்ஸ்மேல் விழுந்தது. கருவிகளைப் பராமரிக்கிற மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அதிகம் பேசாத மனிதர். பஞ்சும் திரவமும் கொண்டுவந்து லென்ஸைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளும் மங்கல்தான். திரும்பக் கூப்பிட்டார். அவர் முகம் சுளிக்காமல் திரும்பத் துடைத்தார், குழாயின் உள்பக்கத்தையும் பார்த்தார். அதற்கு அடுத்த முறை கூப்பிட்டபோது மெக்கானிக் பஞ்சைத் தொடவே இல்லை. பலகைக்கு முன்னால் வந்து நின்று பிம்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அம்மா, இந்தப் பெரிய கூட்டத்துக்குக் கீழ ஒரு வரிசையா பொடிசு பொடிசா போகுதே, அது உங்களுக்குத் தெரியுதா?"

புள்ளியம்மா குனிந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அங்கே வெறும் வெள்ளைத்தாள்தான் இருந்தது.

"தெரியலண்ணே."

"லென்ஸ்ல ஒண்ணுமில்லம்மா" என்றார் அவர். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டாக்டர்கிட்டக் கண்ணைக் காட்டுங்க. நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. நீங்களே தலைவி கிட்டச் சொல்லிருங்க. நல்லாருக்கும்."

அவர் போன பிறகு புள்ளியம்மா பலகைக்கு முன்னால் இருந்த முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்தானே அவருடைய பிழைப்பு! இத்தனை வருஷம் காத்திருந்து, விருந்து வந்து வாசலில் நிற்கும்போது அடுப்பு அணைந்த கதையாகிவிட்டதே என்று வருந்தினார். அதைவிடப் பெரிய பயம் வேறு. கண் மங்கிய நாளிலிருந்து வரைந்தவை எல்லாம் தவறு. நூற்றாண்டுகளாகத் தொடர்ந்து வரும் கணக்கில் தன் கையால் கறை படிந்துவிட்டதா?

நிலையத் தலைவி அவரைவிட வயதில் இளையவர், சுருக்கமாகப் பேசுகிறவர். புள்ளியம்மா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்கா இப்படி நடுங்கறீங்க? இங்க எண்ணின ஒவ்வொருத்தருக்கும் ஒரு திருத்த எண் உண்டு, தெரியுமில்ல? ஒருத்தர் கண்ணு கூர்மையா இருக்கும், ஒருத்தர் கண்ணு கொஞ்சம் மட்டு. வயசாக ஆக மாறும். மத்த நிலையங்களோட ஒப்பிட்டுச் சரிபண்ணிக்கறோம். எல்லாரும் மனுஷங்கதானே, அதுக்குத்தான் அந்த ஏற்பாடே."

"அப்போ நான் வரைஞ்சது வீண் இல்லையா மேடம்?"

"ஒரு தாள்கூட வீணில்ல. எப்பலேர்ந்து மங்குச்சுன்னு நீங்களே வந்து சொன்னீங்க பாருங்க, வேலை சுலபமாயிருச்சு. போய்க் கண்ணைப் பாருங்க. நீங்க வர்றவரைக்கும் அந்த முக்காலி உங்களுக்காக இருக்கும்."

அறையை விட்டு வெளியே வந்து, நடைவழியில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, புள்ளியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கண்புரை. இரண்டு கண்ணிலும். முதலில் வலது, சில வாரம் கழித்து இடது என்றார் கண் மருத்துவர். மருத்துவமனைக்குத் துணையாக யார் போவது என்ற கேள்வி எழுந்தபோது நாத்தனார் முன்னால் வந்து நின்றாள். புள்ளியம்மாவுக்குத் திக்கென்றது. கணவரின் தங்கை, மேல்மாடியில் குடியிருக்கிறவள், பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவள். அவளுக்கும் இவருக்கும் சண்டை என்று ஒன்றுமில்லை, ஒட்டுதலும் இல்லை. 'வெயில்ல போய்ப் புள்ளி எண்ணறதுக்கு ஒரு சம்பளம்' என்று அவள் யாரிடமோ சொன்னது இவர் காதுக்கு வந்து, அது அப்படியே முள்ளாகத் தங்கியிருந்தது.

ஆனால் அறுவை சிகிச்சை நாளன்று அவள்தான் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். படி வந்தால் படி என்றாள், பள்ளம் வந்தால் பள்ளம் என்றாள். மறுநாள் கட்டுப் பிரித்தபிறகு வீட்டில் மருந்து ஊற்றும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டாள். அதை அவள் சும்மா செய்யவில்லை. மாடிப்படியில் இறங்கிவரும்போதே ஒலிபெருக்கிக் குரலில், "அண்ணி அவர்களின் கனிவான கவனத்திற்கு! வலது கண் செல்லும் சொட்டுமருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். படுத்துத் தயாராக இருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்!" என்பாள். அண்ணன் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமுவார். சிரிக்கக்கூடாது, கண் அசையும் என்று புள்ளியம்மாவை மட்டும் அதட்டுவாள்.

ஒருநாள் மருந்து விட்டுக்கொண்டிருக்கும்போது அவளாகவே சொன்னாள்: "அண்ணி, நான் உங்க வேலையப் பத்தி ஏதோ வாய்க்கு வந்ததப் பேசிருக்கேன். நீங்க படுக்கையில கெடந்துக்கிட்டு இன்னைக்கு மேகமா வெயிலான்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க பாருங்க, அப்பதான் எனக்கு உறைச்சுது."

"விடு. நானும் உன் குரல் காது கிழியுதுன்னு சொல்லிருக்கேன்."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "அசையாதீங்க."

கட்டுப் பிரித்த அன்று அவருக்கு முதலில் புலப்பட்டது சுவர். தேநீர் நிறம் என்று அவர் நினைத்திருந்த சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. வலது கண்ணை மூடினால் பழுப்பு, இடது கண்ணை மூடினால் வெள்ளை. சின்னப்பிள்ளைபோல மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார். இத்தனை நாள் எத்தனை அழுக்கான உலகத்தில் இருந்திருக்கிறோம் என்று சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மருத்துவர் அனுமதித்த அன்றே வேலைக்குப் போனார். காற்று அசையாத தெளிவான காலை. தாளைச் செருகினார், பிம்பத்தை வட்டத்துக்குள் கொண்டுவந்தார். அவ்வளவுதான், பென்சிலை எடுக்க மறந்துவிட்டார். சூரியன் முகமெல்லாம் புள்ளி! சாம்பல் விளிம்புக்குள் மெல்லிய இழைகள்கூட ஓடின, பூவிதழின் நரம்புபோல. பொடிகள் வரிசை வரிசையாக. சூரியன் அவருக்காக உச்சத்திலேயே நின்று காத்திருந்தது. 'போய்விடாமல் இருந்தாயே' என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். கூடத்தில் யாருமில்லாதது நல்லதாயிற்று.

அந்த வாரத்திலேயே இன்னொன்று நடந்தது. வட்டத்தின் நடுவே வந்திருந்த மிகப்பெரிய கூட்டத்தை வரைந்துகொண்டிருந்தபோது, இரண்டு கரும்புள்ளிகளுக்கு இடையில் ஒளியின் இரு முத்துகள் எழுந்தன. தாளின் வெள்ளையைவிட வெள்ளை. கூரையில் ஏதாவது ஓட்டை விழுந்து வெளிச்சம் வருகிறதா என்று அண்ணாந்து பார்த்தார். இல்லை. தாளை மெல்ல நகர்த்திப் பார்த்தார். முத்துகள் தாளோடு நகரவில்லை, சூரியனோடு நின்றன. சூரிய வெடிப்பு! பெரும்பாலான வெடிப்புகள் சாதாரண ஒளியில் கண்ணுக்குத் தெரியாது, மிக உக்கிரமானவை மட்டும் அபூர்வமாக இப்படித் தலைகாட்டும். அவர் கை தானாக வரைந்தது. முத்துகள் மெதுவாக நீண்டன, மங்கின, வரைந்து முடிப்பதற்கும் மறைவதற்கும் சரியாக இருந்தது.

எச்சரிக்கை மேசைக்குத் தொலைபேசினார். மூச்சு வாங்கியது. "தம்பி, வெடிச்சிருக்கு! நடுக்கூட்டத்துல! இப்பத்தான்!"

"தெரியும்மா, இங்க திரை பூரா சிவப்பா அலறுது. விமானங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு, ரேடியோ கொஞ்ச நேரம் படுத்துரும்" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "இருங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன்."

"எதுல?"

"கண்ணாலதான்."

மறுமுனையில் தொலைபேசியை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். யாரிடமோ மேசையை ஒப்படைத்துவிட்டு ஓடிவந்திருந்தார். வந்து பார்த்தால் பலகையில் கரும்புள்ளிகள் மட்டுமே.

"போச்சா? ஐயோ! இத்தனை வருஷமா கோட்டையும் எண்ணையும் மட்டுமே பாத்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணக்கூட நேரா பாத்ததில்லம்மா. எப்படி இருந்துச்சு? சொல்லுங்க."

அவர் சொன்னார். விஷயம் தெரிந்து வந்த தலைவிக்கும் சொன்னார், மெக்கானிக்குக்கும் சொன்னார். மெக்கானிக் கேட்டுவிட்டு, "லென்ஸ் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேனே" என்று மட்டும் சொன்னார். அன்று எல்லோரும் அவரைச் சுற்றி நின்று சிரித்தார்கள். அவர் பார்த்ததால் எந்த விமானமும் தப்பவில்லை, எந்தக் கப்பலும் கரை சேரவில்லை. அதெல்லாம் கீழ்த்தளத்து இயந்திரங்களும் இளைஞரும் ஏற்கெனவே செய்துமுடித்த வேலை. புள்ளியம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு பயனும் கேட்காமல் இப்படி ஒரு காட்சி தன் கண்முன் வந்து விழுந்ததே என்பதுதான் அவரை நெகிழவைத்தது. குறை கண்ணில்தான் என்று சொல்லத் தைரியம் வந்த ஒருவர், முக்காலியைக் காலியாக வைத்திருந்த ஒருவர், கையைப் பிடித்து நடந்த ஒருத்தி, ஊசிமுனையில் கண்ணைத் திருத்திய ஒருவர். இதில் யாராவது ஒருவர் விலகியிருந்தாலும் அந்தக் காலையில் அவர் கண்டிருப்பது வெறும் மங்கல்தான்.

இடது கண்ணுக்கும் சிகிச்சை முடிந்து கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது, அந்த வரைபடத்தின் நகலைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனார். கூடவே நாத்தனார். கண் மருத்துவருக்கு முதலில் இவரை அடையாளமே தெரியவில்லை. தினமும் எத்தனை கண்களைப் பார்க்கிறவர்!

"என்ன இது? அம்மை போட்ட நிலா மாதிரி இருக்கு?"

"சூரியன் டாக்டர். நீங்க திருத்திக் குடுத்த கண்ணால பாத்தது."

மருத்துவர் சட்டத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இந்த ரெண்டு முத்து?"

புள்ளியம்மா விளக்க ஆரம்பித்தார். வெளியே நோயாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள், செவிலி வாசலில் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார், மருத்துவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் தானே எழுந்து, எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் அதை மாட்டினார்.

அதற்கு அடுத்து உள்ளே வந்த பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, எழுத்துகளை விட்டுவிட்டுப் படத்தையே பார்த்தார்.

"டாக்டர், அந்த வட்டத்துல ஒரே ஈயா மொய்க்குதே. அது என் கண்ணுலயா, அங்கயேவா?"

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நாத்தனார் திரும்பி நின்று, பேருந்து நிலையம் முழுக்கக் கேட்கும் அந்தக் குரலில் சொன்னாள்: "அங்கயேதான் ஐயா! எண்ணினது எங்க அண்ணி!"