வலையில் இருந்த கிழிசல்

டானிக்காம், டானிக்! இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பேச்சை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எலக்ட்ரானிக் சிட்டியில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு, ஹெப்பகோடியைத் தாண்டி நிலம் குத்தகைக்கு எடுத்து, வலைக்குடில் போட்டுத் தக்காளி வைத்திருந்தார் என் மாமா. பூச்சி மருந்தே அடிக்கக்கூடாது என்பது அவருடைய வைராக்கியம். அதனால் கொசுகூட நுழைய முடியாத வலை. பூச்சி வரவில்லை, வேறு எதுவுமே வரவில்லை. பூத்த பூவில் பாதி காய் பிடிக்காமல் கொட்டியது. இந்தத் தடவையும் போனால் ஆபீஸுக்கே திரும்பிவிடுகிறேன் என்று அத்தையிடம் சொல்லியிருந்தார்.

தக்காளிப் பூ அதிர்ந்தால்தான் மகரந்தம் உதிரும் என்று எங்கோ பார்த்துவிட்டு, பல் தேய்க்கிற பேட்டரி பிரஷ் இரண்டு வாங்கி வந்தார். ஒன்று அவருக்கு; நாலே நாளில் சலித்துப்போய் அதை மூலையில் போட்டுவிட்டார். இன்னொன்று, ஞாயிறுதோறும் அங்கே போகும் எனக்கு. கடைசி வரிசை முழுக்க என் பொறுப்பு. காம்பில் வைக்கச் சொன்னார். நானோ பல் தேய்ப்பதுபோல ஒவ்வொரு இதழாகத் தேய்த்தேன். வேர்த்துக் கொட்டும், கை கடுக்கும், விடமாட்டேன்.

அந்த வரிசையோரம் வலையில் ஒரு கிழிசல். பக்கத்து நிலத்து மாடு கொம்பால் கிழித்தது. செடி மறைத்ததால் மாமா கண்ணில் படவில்லை. அதன் வழியாகப் பெரிய கருவண்டுகள் வந்து, பூவைக் கட்டிப்பிடித்து 'உர்ர்' என்று உறுமும். பயந்துபோய்த் துண்டால் விரட்டுவேன்.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது, விடேன்டி," என்பாள் அத்தை.

ஒரு மாதத்தில் என் வரிசை மட்டும் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து நிலத்துக்காரரைக் கூட்டி வந்து காட்டினார்.

"பாருங்க, இந்த லைன்லதான் புது டானிக் ஊத்தினேன்!"

"ஹௌதா? அப்படியா?" என்று கன்னடமும் தமிழுமாக வாயைப் பிளந்தார் அவர்.

"டானிக் ஒண்ணும் இல்ல! நான்தான் தேய்ச்சேன்!" என்று கத்தினேன்.

"ஆமாமா, பாப்பாதான் பூவுக்குப் பல்லு தேய்ச்சு விட்டுச்சு," என்றார் மாமா. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

என்ன அநியாயம்! வெயிலில் வெந்தது நான், பெயர் டானிக்குக்கா? அடுத்த பூவில் காட்டுகிறேன் என்று கறுவினேன். இடைஞ்சல் பண்ணும் வண்டு இனி எட்டிக்கூடப் பார்க்கக்கூடாதென்று, அத்தையின் ஊசிநூலை எடுத்து அந்தக் கிழிசலை நெருக்கமாகத் தைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மாமா எல்லா வரிசைக்கும் டானிக் ஊற்றினார். நான் முன்னைவிட மும்முரமாகத் தேய்த்தேன். அடுத்த பூ என் வரிசையிலும் கொட்டியது. ஆடி முடிவதற்குள் மாமா வலையைச் சுருட்டிப் போட்டுவிட்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ் ஏறினார். நல்லா வேணும் என்று நினைத்தேன். அவ்வளவு கோபம் எனக்கு.

போன வருஷம் தொம்மலூர் வீட்டு மாடியில் கத்தரிச் செடி வைத்தேன். ஒரு காலை, அதே கருவண்டு வந்து பூவைக் கட்டிக்கொண்டு உறுமியது. மகரந்தம் மஞ்சளாகப் பொலபொலவென்று அதன் வயிற்றில் கொட்டியது. தண்ணீர்க் குவளையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

உழைத்தவளுக்குப் பெயர் கொடுக்கவில்லை என்று இத்தனை வருஷம் மாமாவைத் திட்டிக்கொண்டிருந்தேனே! உழைத்த வண்டைத் துண்டால் விரட்டி, வழியையும் தைத்து அடைத்தவள் நான். ஊசி பிடித்த அந்தக் கையில் அன்றைக்கே யாராவது இரண்டு போட்டிருக்கலாம்.