ஏழாம் எண் கிணறு

நிலாவில் தண்ணீர் உண்டா என்று தேடினவர்கள் இருதயமேரி மேடத்தின் வகுப்பில் ஒரே ஒரு செமஸ்டர் உட்கார்ந்திருந்தால், இந்நேரம் அங்கே மோட்டார் இறக்கி இரண்டு தடவை கரும்பு வெட்டியிருப்பார்கள். பூவரசன் கல்லூரி முழுக்க இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான். கிண்டலாக ஆரம்பித்ததுதான், பாதியில் எங்கேயோ நிஜமாகிவிட்டது.

இருதயமேரி தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து விழுப்புரம் வந்து புவியியல் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டினவர்கள். சொந்தமாக ஒரு கிணறும் இல்லாத வீட்டில் பிறந்தவருக்கு இப்போது பன்னிரண்டு கிணறுகள்!

அவர் வருவதற்குமுன் செய்முறை வகுப்பென்றால், சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதுதான். மேடம் வந்ததும் அந்த நோட்டுகளையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இனிமே நாம தேடப்போற விடை எனக்கும் தெரியாது."

வகுப்பே வாயைப் பிளந்தது. பன்னிரண்டு பேருக்குக் பக்கத்துக் காணை ஊரைச் சுற்றிப் பன்னிரண்டு கிணறுகள். ஒரு மாதம், தினமும் காலையில் மோட்டார் போடுவதற்குமுன் டேப்பை இறக்கி, எத்தனை அடியில் தண்ணீர், எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும்.

முதல் வாரம் பூவரசன் டீக்கடையில் உட்கார்ந்தே அளந்தான். ஏழு நாளும் இருபத்திரண்டு அடி.

"இன்னாப்பா, உன் கிணறு இவ்ளோ ஒழுக்கமா கீது? எங்க வூட்டுக்காரரு கூட இப்படி இல்லியே!" என்றார் மேடம்.

வகுப்பு சிரித்த சிரிப்பில் மறுநாளே சைக்கிளை எடுத்தான்.

மாதம் முடிந்தது. புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயத்தையாவது திங்கட்கிழமை காட்டாவிட்டால் பழைய ரெக்கார்டு நோட்டுதான் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை கரும்பலகையில் கிணற்றுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வரைபடக் கோடுகள் இழுத்தார்கள். மழையே இல்லாத மாதம். மற்ற எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டே போயிருந்தது. ஏழாம் எண் கிணற்றில் மட்டும் கடைசி ஒன்பது நாளில் ஏறியிருந்தது!

"அப்பதான் ஏரிக்குத் தண்ணி வுட்டாங்க மேடம்!" குமரேசன் பெஞ்சுமேல் ஏறிக் கத்தினான். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி மறித்தாள்: "ஏரி ஓரத்துல இன்னும் மூணு கிணறு கீது. அதுங்க ஏறலியே?"

"அப்போ பூமிக்குள்ளாற இதுக்கு மட்டும் தனி வழி கீதா?"

ஆளாளுக்குக் கத்தினார்கள். இருதயமேரி சாக்பீஸால் அந்தக் கோட்டைச் சுற்றி வட்டம் போடப் போனார். பாதி வட்டத்தில் கை நின்றது.

ஏழாம் எண் வேணியின் கிணறு. அந்த ஒன்பது நாளும் வேணி டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"நான் எழுதல மேடம்," என்றாள் வேணி. "நோட்டு மோட்டார் கொட்டாயிலதான் கெடந்துச்சி."

"அப்போ எவனோ வாய்க்கு வந்தத எழுதிக்கீறான். பொய்யைக் காட்டி ஜெயிக்கறதுக்குப் பதிலா வெறுங்கையோடவே போறேன்."

மேடம் டஸ்டரை எடுத்தார்.

"அழிக்காதீங்க மேடம்!" பூவரசன் எழுந்துவிட்டான். "அது... சரியாதான் இருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா... ஒரு நம்பிக்கதான்."

அவர் அவனுடைய நோட்டை இழுத்து, வேணியின் நோட்டுப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் விரல் மெதுவாக இறங்கியது.

"உன் கிணத்துல ஆறு மணி, இங்க ஆறு இருவது. மறுநாளு நீ ஆறு பத்து, இங்க ஆறரை. பஞ்சர்னு நீ ஏழு மணிக்குப் போன அன்னிக்கி, இங்கயும் ஏழு இருவது. ஒம்போது நாளும் கரெக்டா இருவது நிமிஷம். சைக்கிள்ல போனா ஆவற நேரம்."

பூவரசனுக்குக் காது சிவந்தது.

"தவள எழுதியிருக்கும் மேடம்."

இருதயமேரி டஸ்டரைக் கீழே வைத்துவிட்டு, வேணியின் நோட்டையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளினார்.

"அளந்தவர் பேருன்னு நாளுக்கொரு கட்டம் காலியா கீது பாரு. ஒம்போது வாட்டி எழுது. தவளன்னு எழுதிடாத."