ஜேர்மன்காரர் எழுதாத வாக்கியம்

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்களான நாங்கள் இருவர் ஒரு ஜேர்மானியத் தத்துவவாதியின் முதுமைக்காலக் கட்டுரைகளோடு மல்லுக்கட்டினோம் என்றால் எங்கள் ஆரையம்பதியில் யாரும் நம்பமாட்டார்கள். இளமையில் ஜேர்மனியில் படித்ததால் அந்த மொழி எனக்குத் தெரியும். லண்டனில் ஒரு சிறு பதிப்பகம் அவற்றை ஆங்கிலத்தில் கேட்டது. நான் மொழிபெயர்ப்பேன். காத்தான்குடியிலிருந்து என் நண்பர் மாலையில் வந்து, ஆங்கிலத்தை மட்டும் உரக்க வாசித்து, தடக்குகிற இடத்தில் நிறுத்துவார்.

"மச்சான், இந்த வசனம் இறாலக் கோதோட விழுங்கின மாதிரி இரிக்கி" என்பார்.

நாங்கள் ஒரே தமிழ்க் கல்லூரியில் படிப்பித்தவர்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட காலத்தில், முஸ்லிமான இவர் இனி வராமலிருப்பது நல்லது என்று ஆசிரியர் கூட்டத்தில் கல்லூரி அதிபர் சொன்னார். இவர் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். யாருக்காவது மறுப்பு உண்டா என்று அதிபர் கேட்டபோது நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம் மட்டுமல்ல. இவர் போனால் ஆங்கிலப் பகுதித் தலைமை எனக்கு வரும் என்பதும் தெரியும். வந்தது. சண்டை ஓய்ந்த பின் இவரே என்னைத் தேடி வந்தார். அந்தக் கூட்டத்தைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

கட்டுரை ஒன்றில் தத்துவவாதி, தன் பல்கலைக்கழகத்திலிருந்து துரத்தப்பட்ட சகாவைப் பற்றி எழுதுகிறார். அவரது அறை காலியானது, வெளியே பனி பெய்தது என்று சொல்லிவிட்டு மரங்களைப் பற்றிப் பேசப் போய்விடுகிறார். எனக்கு ஆத்திரம் வந்தது. சாகிற வயதிலும் கிழவன் தப்பிக்கிறான் என்று திட்டினேன். பிறகு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை நானாகச் சேர்த்தேன்: நான் பேசியிருக்கலாம், பேசவில்லை, அதில் எனக்கு இலாபமும் இருந்தது.

நண்பர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"பரவாயில்லடா. மனிசன் கடைசியிலயாவது வாய் திறந்திரிக்கான். இதுக்காகவே இவன மன்னிக்கலாம்."

நான் ஓம் என்றேன். அந்த மன்னிப்பைப் பல நாட்கள் இரகசியமாக அனுபவித்தேன்.

பதிப்பாசிரியை மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டு, இந்த வாக்கியம் எங்கே இருக்கிறது என்று மின்னஞ்சலில் கேட்டார். நீக்கினேன். இறுதிப் பிரதியையும் நண்பர்தான் வாசித்தார்.

"எங்க மச்சான், அந்த நல்ல வசனம்?"

"ஜேர்மனில அது இல்ல."

"அப்ப அது ஆர்ர?"

"என்ட."

தாள்களை அடுக்கி மேசையில் வைத்தார்.

"இத்தின வருசமா உன்னோட நான் தமிழிலதானே கதைக்கிறன்? வெள்ளைக்காரன்ட வாயால, இங்கிலீசில, அதுவும் என்னக் கொண்டே வாசிப்பிச்சுத்தானா எனக்குச் சொல்லுவாய்?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்திருக்கும் நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். கூட்டத்தையும், நான் வாய் மூடியிருந்ததையும், பதவி ஆசையையும் தமிழில் சொன்னேன்.

"நான் திரும்ப ஏன் வந்தன்? நீங்களாச் சொல்லுவீங்க எண்டுதான். இப்ப சொல்லிட்டீங்க, மாஸ்டர். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

மாஸ்டர் என்றும் நீங்கள் என்றும் அவர் என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை. தேநீர் வரும்வரை காத்திருந்து, குடித்துவிட்டு வந்தேன்.