செல்லாத வெற்றி

லா சப்பல் தமிழ்க் கடையொன்றில் யாரோ நோவெண்ணெய்ப் போத்தலைத் திறந்தார்கள். அந்த மணம் என்னைப் பத்து வயதுக்குக் கொண்டுபோனது.

எங்கள் சின்னக் கால்பந்துக் கழகம் கிண்ணப் போட்டியில் முதன்முறையாக வென்ற வாரம். கோல் காக்கும் கோலியான அப்பா, லெ பிளாங்-மெனில் புறநகரில் இருந்த எங்கள் வீட்டில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கழகச் செயலாளர் குமார் மாமா வந்தார்.

“வெற்றி செல்லாதாம், அண்ணை. மஞ்சள் அட்டை கூடினதாலை உங்களுக்கு அண்டைக்கு விளையாடத் தடையாம்.”

“கடிதம் வரேல்லையே?”

“ஆட்டத்துக்கு முதலே என்னட்டை வந்தது. சொன்னா நீங்கள் இறங்கமாட்டியள். எங்களிட்டை வேறை கோலி இல்லையே.”

மறுநாள் கழகக் கூட்டத்தில் அதே மாமா, “தடை அண்ணைக்குத் தெரியும்” என்றார்.

“பொய்!” என்று நான் கத்தினேன். மகள்தானே என்று யாரும் திரும்பவில்லை. அப்பா கையுறைகளை மேசையில் வைத்துவிட்டு என்னை அழைத்துவந்தார். பிறகு அவர் ஆடவேயில்லை.

மாமா இன்று அக்கழகத்தின் தலைவர்.